விழிக்க மறுக்கும் மடிக்கணினியும் விடை காணும் கல்வியும்

உறங்கி எழுதல் உயிர்களுக்கு இறைவன் வழங்கிய அருட்கொடை. காலையில் கண் திறந்ததும், உயிரை மீட்டுத் தந்தவனைப் புகழ்ந்து எழுவது முஸ்லிம்களின் வழக்கம். உறக்கத்தைச் சாவோடும் விழிப்பைப் பிறப்போடும் இணைத்து எண்ணுவது தமிழ் மரபிலும் உண்டு. மனிதன் தான் ஆக்கிய கருவிக்கும் உறங்கி எழக் கற்பிக்க முற்பட்டான். மடிக்கணினியின் மூடியைச் சாய்த்தால் அது உறங்க வேண்டும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சொல்வதற்கு எளிய செயல்தான். ஆயினும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பெற்ற மடிக்கணினிகள் சிலவற்றில் இவ்வெளிய செயல் பொய்த்துப் போகின்றது.

மூடியைத் திறந்தால் விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது, திரை மட்டும் இருண்டு கிடக்கின்றது. சில வேளைகளில் திரை வருகின்றது. வைஃபை இணைப்பு வருவதில்லை. வேறு சில வேளைகளில், உறங்குவதாக நம்பிப் பையில் வைத்த பொறி உள்ளேயே விழித்துச் சூடேறி, பேட்டரி வற்றிக் கிடக்கின்றது. எழுதிச் சேமிக்காத ஆய்வேட்டுப் பக்கங்கள் அதனோடு போய்விடுகின்றன.

இவ்வாறு நேர்ந்ததும் இருவகைத் தீர்ப்புகள் எழுகின்றன. 'லினக்ஸ் மடிக்கணினிக்கு ஒத்துவராது' என்பது ஒன்று. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவு' என்பது மற்றொன்று. இரண்டுமே நோய் இன்னதென அறியாமல் மருந்து கூறும் தீர்ப்புகள். இச்சிக்கலைப் படிப்படியாக ஆராய்ந்து காரணத்தைக் கண்டறியலாம். கண்டதைத் தெளிந்த தமிழில் பதிந்து வைக்கலாம். அப்பழக்கம் நம் கல்லூரிகளில், குறிப்பாகத் தமிழ்த்துறையில் வேர்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

இன்று இது ஏன் நம் கவலை?

லினக்ஸ் நமக்கு அயலானது அன்று. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பொறிகளில், விண்டோஸோடு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. நல்ல நிலையில் உள்ள பழைய பொறிகள் பல, அதற்கு அடுத்த விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை. அப்பொறிகளைக் குப்பையில் எறியாமல் வாழவைக்க வல்லது லினக்ஸ். புதுப்பொறி வாங்க வசதியற்ற மாணவனுக்கு இது கைகொடுக்கும் வழி. அவ்வழியில் கிடக்கும் முள் இந்த உறக்கச் சிக்கல். முள்ளை எடுக்கத் தெரியாமல் வழியையே மூடிவிடுவது அறிவுடைமை ஆகாது.

துயில் மூவகை

சிக்கலை ஆராயப் புகுமுன், கணிப்பொறியின் துயில் ஒன்றல்ல என்பதை உணர வேண்டும். முதல் வகை நினைவகத் துயில். இதனை எஸ்-3 என்பர். பிராசஸர், திரை, வட்டு ஆகிய அனைத்தும் அணைந்துவிடும். ரேம் என்னும் நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தால் தன் உள்ளடக்கத்தைக் காத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வகை வட்டுத் துயில். இது எஸ்-4, ஹைபர்னேட் என்ற பெயரால் பலரும் அறிவர். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு, பொறி முழுவதுமாக அணைந்துவிடும். மூன்றாம் வகையில் பொறி உண்மையில் அணைவதே இல்லை. எல்லா உறுப்புகளும் ஓசையடங்கி இருக்க, பிராசஸர் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓய்ந்திருக்கும். விண்டோஸ் உலகில் இது மாடர்ன் ஸ்டாண்ட்பை எனவும், லினக்ஸில் எஸ்-டூ-ஐடில் எனவும் வழங்கும்.

முதல் வகை ஆழ்ந்த உறக்கம். மூன்றாம் வகை கோழித் தூக்கம். கோழித் தூக்கத்தில் ஏதேனும் ஓர் உறுப்பு உறங்க மறுத்தாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பையினுள் பொறி சூடேறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தம் பொறி எவ்வகைத் துயில் கொள்கின்றது என்பதையே அறியாமல் அதன் நோயைப் பேசுவோர் பலர். லினக்ஸில் இதனை அறிதல் எளிது. சிஸ் என்னும் அடைவினுள் பவர் என்ற பிரிவில் மெம்-ஸ்லீப் என்றொரு சிறு கோப்பு உண்டு. அதனைத் திறந்தால், பொறி ஏற்கும் துயில் வகைகள் ஒரே வரியில் தெரியும்; இப்போது நடப்பில் உள்ள வகை பகர அடைப்புக்குள் இருக்கும். 'டீப்' என்ற சொல் அங்கே காணப்பட்டால் எஸ்-3 உண்டு. காணப்படாவிடின் கோழித் தூக்கம் மட்டுமே.

விழிப்பது ஏன் அரிது?

1992-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் வகுத்த ஏ.பி.எம். என்னும் முறையில், துயில் பெரும்பாலும் பயாஸின் பொறுப்பாக இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய நெறியை வெளியிட்டன. அதன்படி பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு மாறியது. ஒவ்வொரு பொறியையும் செய்யும் நிறுவனம், அதன் உறுப்புகளை எவ்வாறு உறங்கவைப்பது, எவ்வாறு எழுப்புவது என்பதை அட்டவணைகளாக எழுதி பயாஸில் வைக்கும். இயங்குதளம் அதனைப் படித்து ஒழுக வேண்டும்.

நெறி பொதுவானது; அட்டவணைகளோ நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வேறுபடுவன. விற்பனைக்கு வரும் பெரும்பாலான மடிக்கணினிகள் விண்டோஸோடு வருவதால், அட்டவணைகளும் விண்டோஸில் சோதிக்கப்பெற்றே வெளிவருகின்றன. அங்கே மறைந்து கிடக்கும் பிழை லினக்ஸில் வெளிப்படுகின்றது. இது லினக்ஸின் குறை மட்டும் அன்று. நிறுவனத்தின் குறை மட்டும் அன்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கையில் நேரும் பொருள்மயக்கம் எனலாம்.

துயில் கொள்ளும்போது லினக்ஸின் மையமாகிய கெர்னல் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றது. முதலில் நினைவகத்தில் தேங்கியுள்ள கோப்புத் தரவுகளை வட்டில் எழுதுகின்றது. பின்னர் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உறையச் செய்கின்றது. இதற்கு வழக்கமாக 20 நொடி கெடு உண்டு. அதற்குள் ஏதேனும் ஒரு நிரல் உறையாவிட்டால் துயிலே கைவிடப்படும். அடுத்து உறுப்புகளை ஒவ்வொன்றாக உறங்கவைக்கின்றது. பிறகு பிராசஸரின் பிற பகுதிகளை நிறுத்தி, இறுதியில் பொறியையே துயிலில் ஆழ்த்துகின்றது. விழிக்கும்போது இவை யாவும் தலைகீழ் வரிசையில் நிகழ வேண்டும். இடையில் ஓர் உறுப்பின் டிரைவர் தடுக்கி விழுந்தால் எல்லாமே நின்றுவிடும். அப்போது திரை இன்னும் எழவில்லை, வட்டும் எழவில்லை. பிழையைக் காட்டவும் இடமில்லை, எழுதிவைக்கவும் இடமில்லை. இந்நோயின் கடினம் இங்கேதான் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

2018-ல் லெனோவோ நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்-1 கார்பன் வரிசையின் ஆறாம் தலைமுறை மடிக்கணினியை வெளியிட்டது. லினக்ஸ் பயில்வோர் விரும்பி வாங்கும் வரிசை அது. வாங்கியவர்கள் மூடியைச் சாய்த்து வைத்தபோது பேட்டரி விரைந்து கரைந்தது. பலர் லினக்ஸைப் பழித்தனர். சிலரோ ஆராய்ந்தனர். பொறியின் ஏ.சி.பி.ஐ. அட்டவணையை வெளியே எடுத்துப் படித்தனர். எஸ்-3 என்னும் ஆழ்துயில் அப்பொறியில் உண்டு என்று அட்டவணை அறிவிக்கவே இல்லை. கோழித் தூக்கம் மட்டுமே அறிவிக்கப்பட்டிருந்தது. அவர்கள் அட்டவணையைத் திருத்தினர்; தொடக்கத்திலேயே திருத்திய படியைப் படிக்குமாறு கெர்னலுக்குக் கூறினர். பொறி ஆழ்ந்து உறங்கியது, விழிக்கவும் செய்தது. செய்த முறையை வரிவரியாக எழுதி எல்லோர்க்கும் வழங்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் லெனோவோ புதிய பயாஸை வெளியிட்டது. அதன் அமைப்புப் பக்கத்தில் துயில்வகை என்ற தெரிவின் கீழ் 'விண்டோஸ் 10', 'லினக்ஸ்' என இரண்டு பெயர்கள் இடம்பெற்றன. லினக்ஸைத் தெரிவு செய்தால் எஸ்-3 கிடைத்தது.

பழித்தவர்களின் குரலால் பொறிக்குப் பயன் விளையவில்லை. காரணம் இன்னதென்று சுட்டிக்காட்டி எழுதியவர்களின் உழைப்பு, தாம் கண்டறியாத ஆயிரம் பேருக்கும் பயன்பட்டது. இன்று வரும் பொறிகள் பலவற்றில் எஸ்-3 அறவே இல்லாமையால் அதே தெரிவை எங்கும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதே ஆய்வுமுறை எங்கும் பொருந்தும்.

ஆய்வின் படிகள்

முதற்படி, சான்றைத் திரட்டுதல். திரை இருண்டுபோய்ப் பொறியை வலிந்து அணைக்க நேர்ந்தாலும், மறுபடி இயக்கியதும் முந்தைய இயக்கத்தின் பதிவேட்டைப் பார்க்க வழியுண்டு. ஜர்னல்-சிடிஎல் என்னும் கட்டளையுடன் 'மைனஸ் பி மைனஸ் ஒன்று' என்ற குறிப்பைச் சேர்த்தால், சென்ற முறை நிகழ்ந்தவை வரும். துயிலில் நுழைந்த பதிவு உண்டா? விழித்த பதிவு உண்டா? நுழைந்த பதிவே கடைசி வரியாக இருந்தால் விழிப்பில் கோளாறு என்று முதலில் ஐயுறலாம். விழித்த பதிவும் இருந்து திரை மட்டும் இருண்டிருந்தால், பொறி விழித்துவிட்டது. கிராபிக்ஸ் டிரைவர்தான் விழிக்கவில்லை. இவை வேறு வேறு நோய்கள். நல்ல உறக்கம் கொண்ட இரவின் பதிவையும், கெட்ட இரவின் பதிவையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் தமிழ் மாணவனுக்கு இது புதிய கலை அன்று.

இரண்டாம் படி, ஒன்றை மட்டும் மாற்றுதல். யு.எஸ்.பி. கருவிகள் அனைத்தையும் கழற்றிவிட்டுச் சோதிக்கலாம். முந்தைய கெர்னலிலும் புதிய கெர்னலிலும் தனித்தனியே இயக்கிப் பார்க்கலாம். பழையதில் உறங்கி விழித்துப் புதியதில் தவறினால், பிழை இடையில் புகுந்தது என்று தெளிவாகும். வைஃபை மட்டும் வராவிட்டால், அதன் டிரைவரை நீக்கி மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். அது பயன் தந்தால், துயிலுக்கு முன்னும் பின்னும் அவ்வேலையைத் தானே செய்யும் சிறு நிரலை சிஸ்டம்-டி-யின் துயில் அடைவில் வைக்கலாம். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றிவிட்டு நோய் தீர்ந்தது என மகிழ்பவன், எது மருந்து என்பதை அறியாதவனாகவே நிற்பான்.

மூன்றாம் படி, கட்டம் கட்டமாகச் சோதித்தல். பி.எம்-டெஸ்ட் என்னும் சோதனை வசதி கொண்ட கெர்னலில், துயிலை முழுவதும் நிகழ்த்தாமல் ஒரு கட்டம் வரை மட்டும் சென்று, சுமார் 5 நொடி காத்திருந்து, திரும்பி வரச் செய்யலாம். நிரல்களை உறைத்தல், உறுப்புகள், பிளாட்ஃபாரம், பிராசஸர்கள், கோர் என ஐந்து கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் தேறி இரண்டாம் கட்டத்தில் தவறினால், குற்றம் ஏதோ ஓர் உறுப்பின் டிரைவரில் உள்ளது. இனி ஊர் முழுதும் தேடத் தேவையில்லை, தெருவே தெரிந்துவிட்டது.

நான்காம் படி, எல்லாம் இருண்ட நிலைக்குரியது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் எழுதிச் சேர்த்த பி.எம்-டிரேஸ் என்னும் வழி வியப்பூட்டுவது. திரையும் வட்டும் உறங்கிக் கிடக்கையிலும், மீண்டும் பொறியைத் தொடங்கிய பின்பும், தன்னிடம் எழுதியதை இழக்காத ஒன்று பொறியினுள் இருக்கின்றது. அது நாள், நேரம் காட்டும் கடிகாரச் சில்லு. விழிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் கெர்னல் தன் அடையாள எண்ணை அக்கடிகாரத்தில் நேரத்திற்குப் பதிலாக எழுதிக்கொண்டே வரும். பொறி உறைந்ததும் உடனே மறுதொடக்கம் செய்தால், கடைசியாகத் தொட்ட உறுப்பு எதுவாக இருக்கலாம் என்பதை அவ்வெண் காட்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் சில நிமிடங்களுக்குள் செய்துவிட வேண்டும். நேரத்தையும் பின்னர் திருத்திக்கொள்ள வேண்டும். கைகால் கட்டுண்ட ஒருவன் சுவரில் நகத்தால் கீறிச் செய்தி விடுவதை ஒத்தது இது.

தானே விழித்துக்கொள்ளும் பொறிக்கு வேறு ஆய்வு. பொறியை எழுப்பும் உரிமை எவ்வெவ்வுறுப்புகளுக்கு உண்டு என்ற பட்டியல் புரோக் அடைவின் ஏ.சி.பி.ஐ. பிரிவில் 'வேக்-அப்' என்ற கோப்பில் இருக்கும். மேசையை அசைத்தால் விழிக்கும் பொறியில், மவுஸுக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டிருக்கலாம். வட்டுத் துயில் கொள்ளாத பொறியில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, வட்டில் ஸ்வாப் பகுதி போதுமான அளவு உண்டா என்பது. மற்றொன்று, செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ளதா என்பது. அது இயங்கும்போது பல லினக்ஸ் வெளியீடுகளில் பாதுகாப்புக் கருதி வட்டுத் துயில் தடுக்கப்பட்டிருக்கும். அது நோயன்று, காவல்.

கோழித் தூக்கத்தில் பேட்டரி கரைந்தால், பிராசஸர் தன் ஆழ்ந்த ஓய்வை எட்டியதா என்று பார்க்க வேண்டும். ஏ.எம்.டி. பிராசஸர் கொண்ட பொறிகளுக்கு அந்நிறுவனத்தார் இதற்கெனவே ஓர் ஆய்வு நிரலை வெளியிட்டுள்ளனர். இவற்றுக்கெல்லாம் முன்னதாக பயாஸைப் புதுப்பித்துவிடுவது நன்று. டெல், லெனோவோ முதலிய நிறுவனங்களின் பல மாடல்களுக்கு எஃப்-டபிள்யூ-அப்-டி என்னும் கருவியின் வழியாக லினக்ஸிலிருந்தே அதனைச் செய்யலாம்.

மறுப்புக்கு விடை

'பாடம் படிக்க வந்த மாணவன் பொறியைப் பழுதுபார்த்துக் கொண்டிருப்பதா?' என்று பெரியோர் கேட்பது நியாயமே. நாளைத் தேர்வு, இன்று ஆய்வு வேண்டா. எல்லாப் பிழைகளையும் பயனாளரே தீர்க்க இயலும் என்று கூறுவதும் உண்மையன்று. அட்டவணையில் உள்ள சில பிழைகளை நிறுவனம் மட்டுமே நீக்க முடியும். அதுவரை மூடியைச் சாய்த்தால் உறங்காதபடி அமைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பொறியை முழுவதும் அணைத்துவிடலாம். எஸ்.எஸ்.டி. வட்டு கொண்ட பொறி பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் மீண்டும் எழுந்துவிடும். உறக்கம் வசதி, கட்டாயம் அன்று. எவ்வாறாயினும் மூடியைச் சாய்க்குமுன் கோப்பைச் சேமித்துவிட வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

'விண்டோஸில் இத்தொல்லை இல்லையே' என்பது மற்றொரு மறுப்பு. மாடர்ன் ஸ்டாண்ட்பை கொண்ட பொறிகள் பையினுள் சூடேறுவதாக விண்டோஸ் பயனாளரும் முறையிட்டுள்ளனர். அங்கே காரணத்தைத் தேட முற்படுபவனுக்கு ஓர் எல்லைக்கு அப்பால் கதவு மூடியிருக்கின்றது. லினக்ஸ் கெர்னலின் கதவு திறந்திருக்கின்றது. ஆனால் திறந்த கதவு, உள்ளே நுழைபவனுக்கே பயன் தரும்.

நாம் செய்யத் தக்கவை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், ஒளியைப் பற்றி முன்னோர் கூறியதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்தே முடிவு கண்டார். அவர் பெயரை மேடைகளில் முழங்குகின்றோம். அவர் முறையைக் கைக்கொள்ள வேண்டாவா?

நம் கணிப்பொறிக் கூடங்களில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். மாடல் பெயர், பயாஸ் எண், கெர்னல் எண், துயில் வகை, நோய், செய்த சோதனை, கண்ட முடிவு ஆகிய ஏழையும் எழுதினால் போதும். 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவது குறிப்பு ஆகாது. எது, எப்போது, எதற்குப் பின் நின்றது என எழுதுவதே குறிப்பு. அவ்வாறு தெளிவாக எழுதுவது மொழிப் பயிற்சி. ஆகவே கணிப்பொறித்துறை மாணவன் ஆராய, தமிழ்த்துறை மாணவன் உடனிருந்து எழுத, இருவரும் சேர்ந்து நல்ல தமிழில் வழிகாட்டிக் கையேடு ஒன்றை ஆக்கலாம். ஆங்கிலம் தடுமாறும் முதல் தலைமுறை மாணவனுக்கு அது ஓர் ஊன்றுகோலாக அமையும்.

ஏழை மாணவர்க்கு மடிக்கணினி வாங்கித் தரும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பழைய பொறியை விலை பேசுமுன், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து அதனை இயக்கி, மூடியைச் சாய்த்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மூன்று முறை உறங்கி மூன்று முறை விழித்தால் நம்பி வாங்கலாம். அச்சிறு சோதனையால் உங்கள் தருமம் முழுப் பயன் பெறும்.

மாணவச் செல்வங்களே! பயன் தரும் கல்வியை விட்டுச் செல்பவனுக்கு, மறைந்த பின்னும் நன்மை சேர்ந்துகொண்டே இருக்கும் என்பது நம் நம்பிக்கை. ஒரு பொறி ஏன் விழிக்கவில்லை என்பதைக் கண்டறிந்து பத்து வரி எழுதி வைப்பதும் அத்தகைய கல்வியே. இருண்ட திரையின் முன் சோர்ந்து அமர வேண்டா. பதிவேட்டைத் திறவுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கண்டதை எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் மாணவனுக்கு அது விளக்காகும், இன்ஷா அல்லாஹ்.